உயிரை எடுத்த கைக்கடிகாரம்

இனிமேல் வீட்டில் வாயைத் திறப்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன். வாயில் பற்பசை நுரையோடு எடுத்த முடிவு. அதனால் உடனே யாரிடமும் அறிவிக்க முடியவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. என் மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். சாட்சி உளறுவதையும் வக்கீல் கத்துவதையும் நீதிபதி முணுமுணுப்பதையும் ஒரு சொல் விடாமல் எழுதுவது அவள் வேலை. இருபது வருடமாகச் செய்கிறாள். கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் சாயங்காலம் நீதிமன்ற வாசலிலேயே விட்டுவிட்டு வந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறாள்.

"மழை வராதுன்னு நான் சொல்லவே இல்லையே," என்பேன்.

"சொன்னீங்க. போன வியாழக்கிழமை, செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னீங்க. 'வராது, வந்தா என் பேரை மாத்திக்கிறேன்'னு. நடுவுல ஒரு தடவை இருமினீங்க."

இருமல் உட்பட எல்லாம் சரியாக இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன அத்தனை சொல்லும் அவளிடம் பத்திரமாக இருக்கிறது. எனக்கோ நேற்றுச் சொன்னது இன்று நினைவில்லை. இந்த நிலைமையில் பேசுகிறவன் முட்டாள். பதினாறு வருடம் முட்டாளாக இருந்தது போதும் என்று பட்டது.

ஆனால் பேசாமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது? அதற்குத்தான் என் ஆபீஸ் கைகொடுத்தது.

நான் வேலை பார்ப்பது கைக்கடிகாரக் கம்பெனியில். மணி மட்டும் காட்டுகிற கடிகாரம் இல்லை. கையில் கட்டிக்கொள்ளும் குட்டிக் கம்ப்யூட்டர். மணியும் காட்டும், கேட்டால். இதில் எழுதுவது எப்படி என்பதுதான் எங்கள் பிரிவின் தலைவலி. தமிழுக்கு எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. கடிகாரத்தின் முகம் ஒரு பிஸ்கட் அளவு. என் கட்டைவிரல் இன்னொரு பிஸ்கட் அளவு. ஒரு எழுத்தைத் தொட்டால் அக்கம்பக்கத்து எழுத்தெல்லாம் சேர்ந்து எழுந்து வரும்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஐந்தாம் வகுப்பில் படித்ததுதான். வல்லினம், மெல்லினம், இடையினம். பதினெட்டு மெய்யும் இந்த மூன்றுக்குள் அடக்கம். ஆகவே மூன்றே பொத்தான். க, ச, ட, த, ப, ற எதுவானாலும் வல்லினத்தை ஒரு தட்டு. மற்ற இரண்டும் அப்படியே. சொல்லின் தொடக்கத்தில் உயிரெழுத்து வந்தால் அதற்கு நான்காவதாக ஒரு பொத்தான். நடுவில் வரும் உயிருக்கெல்லாம் பொத்தானே கிடையாது. என்ன சொல்லாக இருக்கும் என்று கடிகாரமே ஊகித்துக்கொள்ளும். நாம் அதிகம் எழுதும் சொல்லை ஞாபகம் வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக் கொடுக்கும். முகத்தைப் பார்க்காமலே தட்டலாம். வல்லினத்துக்கு 'டக்', மெல்லினத்துக்கு 'ம்ம்', இடையினத்துக்கு 'ர்ர்', உயிருக்கு ஒரு குட்டி 'ட்டீ' என்று மணிக்கட்டில் அதிரும்.

எங்கள் பிரிவுத் தலைவிக்கு 'அரை நிமிஷம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அரை நிமிஷம் வாங்க என்று கூப்பிட்டால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் விடுவார். அவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு முதன்முதலாகத் தட்டிய சொல் 'கணவன்'. வல்லினம், மெல்லினம், இடையினம், மெல்லினம். கடிகாரம் ஒரு கணம் யோசித்து 'சனியன்' என்று காட்டியது. அதுவும் அதே நாலு தட்டுதான்.

நான் பதறிப்போய், "திருத்திடலாம் மேடம்," என்றேன்.

அவர் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எதுக்கு? சரியாத்தான் ஊகிச்சிருக்கு," என்றார். திட்டத்துக்கு அன்றே அனுமதி கிடைத்தது.

உற்சாகத்தில் நானும் தட்டிப் பார்த்தேன். 'தாரம்' என்று தட்டினால் 'பாரம்' என்றது. திருத்தினேன். 'கோரம்' என்றது. மறுபடி திருத்தினேன். 'தூரம்' என்றது. கடைசி யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு கடிகாரங்களைக் கொடுத்து, இரண்டு வாரம் வீட்டில் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார்கள். ஒன்று எனக்கு. இன்னொன்று நான் விரும்பும் யாருக்காவது. கூடவே ஒரு படிவம். வீட்டில் உள்ள ஒருவர் அதில் கருத்து எழுதித் தர வேண்டும்.

வழக்கம்போல வீட்டில் நான் சொல்ல மறந்த விஷயங்களில் இதுவும் ஒன்று. அதாவது, மறந்ததாக வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீ குடித்து முடித்ததும் மனைவி சொன்னாள். "அந்தச் சின்ன அறையை ஒழிச்சுக் குடுத்துடுங்க. ஒண்ணாம் தேதியிலேர்ந்து சுருக்கெழுத்து வகுப்பு எடுக்கப் போறேன். ஆறு பேர் சேர்ந்திருக்காங்க."

சின்ன அறை என்னுடையது. ஓடாத பிரிண்டர் மூன்று, பிரித்துப் போட்ட ரேடியோ ஒன்று, கை உடைந்த சாய்வு நாற்காலி ஒன்று, அதில் சாய்ந்திருக்கும் நான் ஒன்று. வேறு எந்த இடத்திலும் நான் கேள்வி கேட்கப்படாமல் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அந்த அறை போனால் எனக்கு மிச்சம் குளியலறைதான். அங்கேயும் கதவைத் தட்டுவாள்.

"ஹால்ல எடுக்கலாமே," என்றேன்.

"ஹால்ல டிவி பாப்பீங்க."

"பாக்க மாட்டேன்."

"எழுதிக்கட்டுமா?"

"வேண்டாம். சரி, எடுத்துக்கோ."

இதுதான் என் கோளாறு. எதையும் எதிர்த்துத்தான் தொடங்குவேன். மூன்றாவது வரியில் 'சரி' என்றுவிடுவேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு காண்டிராக்டரைப் படிக்கட்டில் மடக்கினேன். கட்டடம் கட்டுகிறவர். ஆறடி உயரம், தேக்குக் கதவு மாதிரி முதுகு. தன் மனைவி முன்னால் மட்டும் ஸ்டூல் மாதிரி ஆகிவிடுவார். என் மனைவியைத் தங்கச்சி என்பார். அந்தக் கணக்கில் நான் அவருக்கு மாப்பிள்ளை.

"ஞாயித்துக்கிழமை வந்து அந்த அறையைப் பாருங்க. சுவர்ல ஈரம், விரிசல், ஆள் புழங்கினா ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. போதும்."

"தங்கச்சிகிட்ட பொய் சொல்றதா மாப்ளே? கேள்வி கேட்டா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

"நாக்குக்கு வேலையே இல்ல. இதைக் கட்டிக்குங்க." இரண்டாவது கடிகாரத்தை அவர் கையில் மாட்டிவிட்டேன். "கேள்வி வரும்போது நான் பதிலைத் தட்டுவேன். உங்க கடிகாரத்துல எழுத்தா வரும். அப்படியே படிச்சிடுங்க."

கடிகாரம் அவர் மணிக்கட்டில் மச்சம் போல இருந்தது. இருந்தாலும் ஆளுக்குப் பிடித்துப்போயிற்று. "என் வீட்டுக்காரிகிட்ட மாட்டிக்கும்போது எனக்கும் நீங்க பதில் அனுப்புவீங்களா?" என்று கேட்டார். அனுப்புவேன் என்று கைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டிலிருந்தே பயிற்சி ஆரம்பம். இடது மணிக்கட்டைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, வலது கட்டைவிரலால் தட்டினேன். பார்க்கிறவர்களுக்கு ஒருவன் தன் நாடியைத் தானே பார்த்துக்கொள்வது போல் இருக்கும்.

"என்ன பண்றீங்க?"

"நாடி பாக்குறேன். அடிக்கடி பாக்கச் சொல்லி ஆபீஸ் டாக்டர் சொன்னார்."

"என்னைக்குச் சொன்னார்?"

"போன வாரம்."

"அப்படியா," என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பதினாறு வருடத்தில் முதல் முறையாக ஒரு பொய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து என் தட்டில் உப்பு இல்லை, காப்பியில் சர்க்கரை இல்லை. "நாடி பாக்கற உடம்பு," என்றாள். லட்சியத்துக்காக அதையும் விழுங்கினேன்.

பேச்சையும் அறவே நிறுத்தினேன். அவள் கேட்டால் தலையாட்டல். அவள் சொன்னால் புன்னகை. மேசையின் இந்தப் பக்கம் நான் தட்ட, அந்தப் பக்கம் அவள் நீதிமன்றத்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நிலுவை வேலை போலும் என்று நினைத்தேன். அவரவர் வேலையை அவரவர் பார்க்கும் இலட்சியக் குடும்பம். குளிக்கப் போகும்போது மட்டும் கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைப்பேன். நான் குளிக்க அரை மணி நேரம் ஆகும். அங்கேதானே நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு காண்டிராக்டர் கையில் சுத்தியலோடு வந்தார். சின்ன அறையை நான்கு முறை சுற்றினார். சுவரை டொக் டொக் என்று தட்டிக் காது வைத்துக் கேட்டார். நடிப்பு பிரமாதம். எனக்கே லேசாகப் பயம் வந்தது. பிறகு மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நான் நாடியைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்கண்ணே. அறை எப்படி இருக்கு?" மனைவி பென்சிலைக் கூர்பார்த்தாள்.

'சுவர் ஈரம்' என்று தட்டினேன்.

காண்டிராக்டர் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தவளை இவன்," என்றார்.

"யாரு?"

"அதாவது... தவளை வர அளவுக்கு ஈரம், தங்கச்சி." அனுபவசாலி. சமாளித்துவிட்டார்.

"மூணாவது மாடிக்குத் தவளை வருமாண்ணே?"

அவர் கண் என்னை நோக்கிப் பரிதாபமாகத் திரும்பியது. 'விரிசல்' என்று அவசரமாகத் தட்டினேன்.

"சுவர்ல ஒரு வருடல் இருக்கு," என்றார்.

"என்ன இருக்கு?"

"வருடல். மெல்லத் தடவின மாதிரி. கட்டட வேலையில அப்படித்தான் சொல்லுவோம்."

மனைவி அதையும் எழுதிக்கொண்டாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கொலை வழக்கையே கொட்டாவி இல்லாமல் எழுதுகிறவள். பெரிய ஆபத்தாகச் சொன்னால்தான் எடுபடும் என்று தோன்றியது. 'கூரை ஆடுது' என்று தட்டினேன்.

காண்டிராக்டர் படித்தார். முகம் வெளுத்தது. நாற்காலியைச் சின்ன அறையிலிருந்து ஒரு அடி நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"உள்ள பேய் ஆடுது, தங்கச்சி," என்றார் ரகசியமாக. இதை அவர் நடிக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"அது தெரியல."

"சரி. பேய், தவளை, வருடல். இவ்வளவு இருக்கறப்ப அந்தச் சுவர் ஆபத்துதான்," என்று மனைவி பென்சிலைக் கீழே வைத்தாள். "அண்ணே, நீங்க இருபத்தஞ்சு வருஷமா கட்டடம் கட்டறீங்க. நீங்க சொன்னா இவர் தட்ட மாட்டார். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அறைக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்கற அந்தச் சுவரை இடிக்கணுமா, வேண்டாமா?"

நான் திடுக்கிட்டேன். இடிப்பு என்ற பேச்சே என் திட்டத்தில் இல்லை. சுவர் போனால் அறை ஏது? வாழ்க்கையில் எதையும் அவ்வளவு அழுத்தமாகத் தட்டியதில்லை. 'இடிக்க வேண்டாம்'. ஒரு முறை போதாதென்று மூன்று முறை தட்டினேன்.

காண்டிராக்டர் படித்தார். இந்த முறை சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெளிவாக, அதுவும் மூன்று முறை வந்திருந்தது. அவர் முகத்தில் நிம்மதி பரவியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இடிக்க வேண்டும்," என்றார். "இடிக்க வேண்டும். இடிக்க வேண்டும்."

"நீங்க என்ன சொல்றீங்க?" மனைவி என் பக்கம் திரும்பினாள்.

என்ன சொல்வது? நிபுணரைக் கூட்டி வந்தவன் நான். அவர் சொன்னது பொய் என்றால், பொய் சொல்லச் சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும். "சரி," என்றேன்.

திங்கட்கிழமை மத்தியானம் சுவர் இல்லை. காண்டிராக்டரின் ஆட்கள் நாலு பேர், ஒன்றரை மணி நேரம். பிரிண்டர்கள் பழைய சாமான்காரரிடம் போயின. சாய்வு நாற்காலி காண்டிராக்டர் வீட்டுக்குப் போயிற்று, அவர் மனைவிக்கு முதுகு வலியாம். சாயங்காலம் நான் வந்தபோது ஹால் கல்யாண மண்டபம் போல விரிந்து கிடந்தது. சுண்ணாம்புத் தூசிக்கு நடுவில் மனைவி நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க. ஒண்ணு படிச்சுக் காட்டறேன்," என்றாள்.

"என்னது?"

"புதன்கிழமை, ராத்திரி எட்டு இருபது. 'இவ ஒண்ணும் கேக்கல, நம்பிட்டா.' வியாழன், எட்டு பத்து. 'உப்பு இல்லாம உயிர் போகுது.' வெள்ளி, எட்டரை. 'ஞாயிறு மறக்காதீங்க, சுத்தியல் கொண்டாங்க.' சனி..."

என் நாடி உண்மையிலேயே நின்றது.

"நீ எப்ப கடிகாரத்தைப் பாத்தே?"

"பாக்கணும்னு என்ன இருக்கு? மேசை மரம்தானே. நீங்க அந்தப் பக்கம் தட்டினா என் முழங்கையில டக்குனு கேக்குது, ம்ம்னு கேக்குது, ர்ர்னு கேக்குது. முதல் நாளே வல்லினம் மெல்லினம்னு புரிஞ்சிடுச்சு."

"புரிஞ்சா? நடுவுல உயிரெழுத்தே கிடையாதே. கடிகாரமே திணறுது."

"சுருக்கெழுத்துல மட்டும் இருக்கா? நாங்களும் மெய்யைத்தான் கோடாப் போடுவோம். அவசரத்துல உயிரையெல்லாம் விட்டுடுவோம். இருபது வருஷமா உயிர் இல்லாத சொல்லைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். கூட வாழற ஆளு என்ன சொல்லுவார்னு ஊகிக்கத் தெரியாதா?"

எனக்கு ஒரு பிடி கிடைத்தது போலிருந்தது. "அப்படின்னா நான் வேண்டாம்னு தட்டினது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் அவருக்கு வேண்டும்னு போச்சு?"

"ரெண்டுக்கும் ஒரே தட்டு. வ, ண், ட, ம். எது அதிகமாப் பழகியிருக்கோ அதைத்தானே உங்க கடிகாரம் எடுத்துக் குடுக்கும்?" நோட்டை மூடினாள். "நீங்க தினமும் அரை மணி நேரம் குளிக்கறீங்க. நான் ஜன்னல்கிட்ட நின்னு, யாருக்கும் அனுப்பாம, சாமான் பட்டியல் எழுதிப் பாத்தேன். சோப்பு வேண்டும். பூட்டு வேண்டும். விளக்கு வேண்டும். நாலு நாள்ல முந்நூறு வேண்டும். நீங்க வாங்கின நாளிலேர்ந்து அதுல ஒரு வேண்டாம்கூட எழுதல. அதுக்குப் பழக்கமே இல்லாத சொல்லை எப்படிக் குடுக்கும்?"

நான் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

"சுவரை இடிக்கற எண்ணமே எனக்கு இல்ல," என்றாள் எழுந்துகொண்டே. "அந்தச் சின்ன அறையில ஆறு பேர் இடிச்சுப் பிடிச்சு உக்கார்ந்துக்குவோம்னுதான் இருந்தேன். நீங்க நிபுணரைக் கூட்டிட்டு வந்தீங்க. இப்ப பன்னெண்டு பேர் உக்காரலாம்."

கதை இதோடு முடிந்திருந்தால் ஒரு சுவரோடு போயிற்று என்று தேற்றிக்கொண்டிருப்பேன். அந்தப் படிவத்தை என் பையிலிருந்து அவளே எடுத்துவிட்டாள். வீட்டில் உள்ளவர் கருத்து என்ற இடத்தில் நான்கு வரிதான் விட்டிருந்தார்கள். அவள் பதினோரு பக்கம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டாள்.

அடுத்த வாரம் பிரிவுத் தலைவி அரை நிமிஷம் கூப்பிட்டார். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். வேண்டும், வேண்டாம் இரண்டும் ஒரே தட்டில் விழுகிற கடிகாரத்தை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று மனைவி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எட்டு மாதம் வேலை செய்த எங்கள் ஒன்பது பேரில் யாருக்கும் அது தோன்றவில்லை.

"இந்தம்மாவுக்கு ஃபோன் பண்ணிப் பேசினேன்," என்றார் தலைவி. "உயிர் இல்லாம எப்படிப் படிக்கறது, எங்கே உயிரைக் கட்டாயம் போட்டே ஆகணும், ரெண்டுக்கும் கணக்கு வெச்சிருக்காங்க. அதைக் கத்துக்காம நீங்க யாரும் அந்தக் கடிகாரத்தைத் தொடக் கூடாது. எல்லாரும் அவங்ககிட்ட சுருக்கெழுத்து படிக்கறீங்க. உங்களுக்குக் கவலை இல்ல, வீட்டுலயே இருக்காங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். புது பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தாள். கரும்பலகைகூட வந்துவிட்டது, என் நாற்காலி இருந்த இடத்தில்.

"ஆபீஸ்ல உன்கிட்ட படிக்கச் சொல்றாங்க," என்றேன்.

"தெரியும். உங்க ஆபீஸ்காரங்க எட்டு பேர் காலையிலேயே ஃபோன் பண்ணிச் சேர்ந்துட்டாங்க."

"என்னையும் சேத்துக்கோ."

அவள் வருகைப் பதிவேட்டைப் பிரித்து, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். உண்மையான வருத்தத்தோடுதான் நிமிர்ந்தாள்.

"முன்னாடி ஆறு, இவங்க எட்டு. பன்னெண்டு பேருக்குத்தான் பெஞ்சு. இப்பவே ரெண்டு பேரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கேன். நீங்களும் ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

எழுதிக் கொடுத்திருக்கிறேன். காத்திருப்போர் பட்டியலில் நான்காவதாக இருக்கிறேன். எனக்கு முன்னால் மூன்றாவதாக, தன் மனைவி அனுப்பி வைத்த காண்டிராக்டர் இருக்கிறார்.